சூரியனைத் தவணையில் வாங்கலாம், தெரியுமா?

உலகத்திலேயே வெளிச்சத்துக்கு அதிக விலை கொடுக்கிறவர் யார் தெரியுமா? பங்களா முழுக்கச் சரவிளக்குத் தொங்கவிட்டிருக்கும் பணக்காரர் என்று நினைத்தால் தப்பு. குடிசைக்குள் ஒரு சிம்னி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, எண்ணெய் தீர்ந்துவிடுமே என்று திரியை இறக்கி இறக்கி விடுகிறாளே ஒரு கிழவி, அவள்தான்! அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த இவான் மில்ஸ் 2005-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். உலகம் முழுக்க வெளிச்சத்துக்காகச் செலவாகும் பணத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, எண்ணெய் விளக்கை நம்பி இருந்தவர்களின் மடியிலிருந்து அப்போது போய்க்கொண்டிருந்தது. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த வெளிச்சமோ ஆயிரத்தில் ஒரு பங்கு! ஒரு படி அரிசிக்குக் காசை வாங்கிக்கொண்டு, கடைக்காரர் ஒரு ஸ்பூன் அரிசியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் சும்மா இருப்போமா?

மண்ணெண்ணெய் என்பது புத்தகப் பெயர். எங்கள் பக்கத்தில் சீமெண்ணெய். சில ஊர்களில் கிருஷ்ணாயில். 'கெரசின் ஆயில்' என்ற வெள்ளைக்காரன் சொல்லுக்குக் கிருஷ்ணர் பெயரைச் சூட்டிவிட்ட சாமர்த்தியம் நம்முடையது! ரேஷன் கடையில் எண்ணெய் ஊற்றும் நாளன்று மனிதர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், கேன்கள்தான் வரிசையில் நிற்கும். சாயங்காலமானால் அப்பத்தா அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். பெரியவர்களின் கை அதற்குள் நுழையாது, என் கை நுழையும். அடுப்புச் சாம்பலைத் தொட்டுக் கந்தல் துணியால் உள்ளே சுற்றிச் சுற்றித் துடைப்பேன். துடைத்து முடிக்கும்போது கண்ணாடி வெள்ளையாகவும் நான் கறுப்பாகவும் இருப்போம். காலையில் மூக்கைச் சிந்தினால் அதிலும் கரி.

அந்தக் கரி சாதாரணக் கரி இல்லை தெரியுமா? சாதாரணத் திரி விளக்கில் எரிகிற எண்ணெயில் 7 முதல் 9 சதவிகிதம் அப்படியே கரித்துகளாகக் காற்றில் கலக்கிறது என்று 2012-ல் அளந்து சொன்னார்கள். அதுவரைக்கும் விஞ்ஞானிகள் வைத்திருந்த கணக்கைப் போல இது இருபது மடங்கு! அத்தனை காலமும் பிள்ளைகள் அந்தப் புகையில் முகத்தைக் கொடுத்துத்தான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தார்கள்.

புகையாவது மெல்லக் கொல்லும். விளக்கு உருண்டால்? இலங்கையில் மின்சாரம் எட்டாத வீடுகளில் காலிப் போத்தலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டால் அதுதான் குப்பி விளக்கு. கை பட்டால் சாயும், உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும், பாயும் சேலையும் பற்றிக்கொள்ளும். வெந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர், இனி விளக்கையே மாற்றுகிறேன் என்று கிளம்பினார். அவருக்கு யோசனை கொடுத்தது எது தெரியுமா? மார்மைட் போத்தல்! ரொட்டியில் தடவுகிற அந்தக் கறுப்புப் பசை வரும் குட்டை போத்தல், தட்டினாலும் லேசில் சாயாதே! அதேபோலக் குள்ளமாக, கனமாக, விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடி போட்டு 1992-ல் 'சுதீப' விளக்கை உருவாக்கினார். 1998-ல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. லட்சக்கணக்கில் விலை போகும் கைக்கடிகாரக் கம்பெனியின் விருது, காலணாக் குப்பி விளக்குக்கு!

அதே தீவில், யாழ்ப்பாணத்தில், 1990-களில் மின்சாரமும் இல்லாமல் மண்ணெண்ணெயும் தங்கத்தைப் போல ஆகிவிட்ட காலத்தில், ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெயும் பஞ்சும் வைத்து ஏற்றிய விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறையே இருக்கிறது. அவர்களிடம் வெளிச்சத்தின் விலையைக் கேட்டுப் பாருங்கள், சொட்டுக் கணக்கில் சொல்வார்கள்.

சரி, சூரியனுக்கு வருவோம். சோலார் முதலில் பேர் வாங்கிய இடம் குக்கிராமமா, பட்டணமா? இரண்டும் இல்லை, ஆகாயம்! 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியது. மேலே விழும் வெளிச்சத்தில் 6 சதவிகிதத்தை மின்சாரமாக்கியது, அவ்வளவுதான். விலையோ யானை விலை. யார் வாங்குவார்? நாலே வருஷத்தில் பதில் வந்தது. 1958 மார்ச்சில் பறந்த வேன்கார்ட்-1 என்ற செயற்கைக்கோள், எடை ஒன்றரைக் கிலோ, அளவு ஒரு பம்பளிமாஸ் பழம். அதிலிருந்த சாதாரண பேட்டரி சீக்கிரமே செத்துப்போனது. சூரியக் கலத்தில் ஓடிய ரேடியோ 1964 வரை பேசிக்கொண்டே இருந்தது! அந்தப் பழம் இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நம் ஓலைக் கூரைக்கு மேலேயும் எத்தனை தடவை போயிருக்குமோ!

ஆகாயத்திலிருந்து கூரைக்கு இறங்க ஏன் இவ்வளவு நாள் என்றால், எல்லாம் காசுதான். 1976-ல் ஒரு வாட் சோலார் பலகை, 2019-ம் ஆண்டுப் பணமதிப்பில் 106 டாலர். அதே 2019-ல் 38 சென்ட். தங்கம், நிலம், கத்தரிக்காய் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இப்படி விலை இறங்கிய சரக்கு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்!

பலகை மட்டும் மலிந்து என்ன செய்ய? குண்டு பல்பு 60 வாட்டைக் குடித்துவிட்டு முக்கால்வாசிக்கு மேல் சூடாகவே கக்கும். அதற்குச் சோறு போடக் கூரை முழுக்கப் பலகை வேண்டும். கதையை மாற்றியது ஒரு நீல நிறம்! சிவப்பு எல்இடி எப்போதோ வந்துவிட்டது, நீலம்தான் வராமல் தண்ணி காட்டியது. நீலம் இருந்தால்தான் வெள்ளை வெளிச்சத்தை உண்டாக்க முடியும். ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவரும் அதைச் சாதித்தார்கள். 1993-ல் நகாமுராவின் பிரகாசமான நீல விளக்கு வெளியே வந்தது. 2014-ல் மூவருக்கும் நோபல். ஒரு வாட் எல்இடி இன்று நூறு லூமன் கொடுக்கிறது. சின்னத் திரி விளக்கு பத்து லூமன்தான் தரும். பத்து விளக்கின் வெளிச்சம், புகையே இல்லாமல், ஒரு வாட்டில்!

இந்த நீலத்துக்கும் நேபாள மலைக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது, அது தெரியுமா? கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் டேவ் இர்வின்-ஹாலிடே. 1997-ல் அன்னபூர்ணா மலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர், வழியில் ஒரு பள்ளிக்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்தார். உள்ளே பட்டப்பகலில் கும்மிருட்டு. பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. ஊருக்குப் போய் எந்தெந்த எல்இடியையோ போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஜப்பானிலிருந்து வெள்ளை எல்இடி வந்து சேர்ந்தது. ஒன்றே ஒன்றை, பத்தில் ஒரு வாட்டில் எரியவிட்டுப் பார்த்தால், அடியில் வைத்த எழுத்தைப் படிக்க முடிகிறது! 2000-ல் நேபாளக் கிராமங்களுக்கு அந்த விளக்குகள் போய்ச் சேர்ந்தன. அவருக்கும் 2002-ல் ரோலக்ஸ் விருது. இருட்டுக்கும் அந்தக் கடிகாரக் கம்பெனிக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ!

இப்போது மலிவான பலகை இருக்கிறது, சிக்கனமான விளக்கும் இருக்கிறது. ஏழை வாங்கிவிட்டாரா? அங்கேதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது. ஹரீஷ் ஹந்தே கரக்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவில் ஆராய்ச்சிக்குப் போனவர். டொமினிக்கன் குடியரசில் ஏழைகள் காசு கொடுத்து சோலார் வாங்கி எரிப்பதைக் கண்ணால் பார்த்தார், ஆராய்ச்சியின் திசையே மாறியது. 1995-ல் நெவில் வில்லியம்ஸோடு சேர்ந்து பெங்களூரில் 'செல்கோ'வைத் தொடங்கினார். தெருவில் வியாபாரம் செய்கிற ஒரு பெண்மணியிடம் விளக்குக்கு மாதம் 300 ரூபாய் ஆகும் என்றபோது, ஐயையோ அவ்வளவா, என்னால் முடியாது என்றாராம். தினம் 10 ரூபாய் என்றால் சரியாம்! பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். தள்ளுவண்டிக் கணக்கில் இரண்டும் வேறு வேறு. தினமும் கையில் புரளும் காசில் பத்து ரூபாய் போவது தெரியாது. மாதக் கடைசியில் முந்நூறு ரூபாய் நோட்டாக முடிச்சில் இருக்கவே இருக்காது. நாள் வட்டிக்காரர் காலம் காலமாக அறிந்து வைத்திருந்த இந்த ரகசியத்தை ஒரு பொறியாளர் கற்றுக்கொள்ள அமெரிக்கா போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது, பாருங்கள்!

ஹந்தே அதைப் பிடித்துக்கொண்டார். கிராம வங்கிகளின் படியேறி, கூட்டுறவுச் சங்கங்களோடு மல்லுக்கட்டி, பூக்காரருக்கு தினத் தவணை, விவசாயிக்கு அறுவடைத் தவணை என்று ஆளுக்கேற்றபடி கடனை வெட்டித் தைத்தார்கள். தைத்தது கடனை மட்டுமில்லை. பிரசவம் பார்க்கும் பெண்களுக்கும், விடியுமுன்னே பூப்பறிக்கப் போகிறவர்களுக்கும் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டுமே! அவர்களுக்குத் தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு. ஏழையால் நல்ல தொழில்நுட்பத்தை வாங்க முடியாது, பராமரிக்க முடியாது, ஏழைக்கு உதவும் தொழில் லாபத்தில் ஓடாது என்று ஊர் சொல்லும் மூன்றையும் பொய்யாக்குவதே வேலை என்று சொல்லிச் சொல்லிச் செய்தார். 2011-ல் மகசேசே விருது.

அவர்கள் செய்ததிலேயே எனக்கு உச்சமாகத் தோன்றுவது பள்ளிக்கூட பேட்டரி. சோலார் பலகை பள்ளிக்கூடக் கூரையில் இருக்கும். பிள்ளைகளின் வீட்டில் விளக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே சோற்று டப்பா அளவில் ஒரு பேட்டரி. காலையில் பையில் போட்டுக்கொண்டு போய் பள்ளிக்கூடத்தில் செருகிவிட வேண்டும். சாயங்காலம் நிறைந்த பேட்டரியோடு வீட்டுக்கு வர வேண்டும். அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால்? ராத்திரி வீடு இருட்டு! இனி அம்மாவே கம்பெடுத்துக்கொண்டு பிள்ளையை அனுப்புவாள். வருகைப் பதிவேட்டுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

தவணை என்றதும் ஆப்பிரிக்காவுக்கு ஒரு தாவு தாவுவோம். கென்யாவில் 2007-லேயே எம்-பெசா வந்துவிட்டது. சாதாரண பட்டன் போனில் பணம் அனுப்பலாம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நிக் ஹியூஸ், இரண்டு கூட்டாளிகளோடு பிறகு எம்-கோபா என்ற கம்பெனியை ஆரம்பித்தார். 'கோபா' என்றால் ஸ்வாஹிலி மொழியில் கடன் வாங்குவது. முன்பணம் கட்டினால் 8 வாட் பலகை, சில எல்இடி விளக்குகள், போன் சார்ஜர், ரேடியோ எல்லாம் ஆரம்ப காலத்தில் வீட்டுக்கு வந்துவிட்டன. பிறகு நாளொன்றுக்கு 50 ஷில்லிங் என்று ஓராண்டு போனிலேயே கட்ட வேண்டியிருந்தது. கட்டாவிட்டால்? பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு ஒளிந்திருக்கிறது. நைரோபியிலிருந்தே விளக்கை நிறுத்திவிடுவார்கள்! கட்டினால் மறுபடி எரியும். எல்லாத் தவணையும் முடிந்தால் பெட்டி உங்கள் சொத்து. சூரியனைத் தவணையில் வாங்குவதென்றால் இதுதான். தூரத்திலிருந்து ஒருவர் என் வீட்டு விளக்கை அணைக்கலாம் என்பது எனக்கென்னவோ கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பு அந்தப் பெட்டியை வாங்கிய குடும்பம் போனுக்கு சார்ஜ் போடக் கடைத்தெரு வரை நடந்துபோய்க் காசு கொடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

எண்ணிக்கையில் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்ட நாடு எது தெரியுமா? நம் பக்கத்து வீடு, வங்கதேசம்! 2003-ல் அரசு நிறுவனமான ஐட்கால், உலக வங்கி உதவியோடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2008-க்குள் 50,000 வீடுகளுக்கு சோலார் என்று பயந்து பயந்து குறி வைத்தார்கள். 2005-லேயே முடிந்துவிட்டது. பத்து பதினைந்து சதவிகிதம் முன்பணம், மிச்சம் இரண்டு மூன்று வருஷத் தவணை. தவணை வசூலிக்க வருகிற பையனே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வருவான், பேட்டரியில் தண்ணி குறைந்திருக்கிறதா என்று பார்ப்பான். 2018-ல் திட்டம் முடியும்போது 40 லட்சம் வீடுகளைத் தாண்டியிருந்தது. இரண்டு கோடி மனிதர்கள்! கடைசிக் காலத்தில் ஒரு பக்கம் மின்கம்பி வந்தது, இன்னொரு பக்கம் அரசே சோலாரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. காசு கொடுத்து வாங்க ஆளில்லாமல் தவணைக் கடை காற்று வாங்கியது. இலவசம் நல்லதா கெட்டதா என்று வாதிடுகிறவர்கள் இந்த ஒரு கதையை இரண்டு பக்கத்துக்கும் சாட்சியாகக் கூப்பிடலாம்.

அங்கே பள்ளிக்கூடம் மிதக்கும், அது தெரியுமா? சலன் பீல் பகுதியில் மழைக்காலம் வந்தால் ஊரே தண்ணீர். பிள்ளைகளால் பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது. பள்ளிக்கூடம் பிள்ளைகளிடம் வந்தால் என்ன என்று முகமது ரிஸ்வான் என்ற கட்டடக் கலைஞர் யோசித்தார். 2002-ல் படகே வகுப்பறை ஆனது. படகின் கூரையில் சோலார் பலகை, உள்ளே விளக்கும் கணினியும். கரை கரையாக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஓரமாக ஒதுங்கிப் பாடம் நடத்திவிட்டு, திரும்ப இறக்கிவிட்டுப் போகும். இந்தப் படகுக்காரர்கள் கொடுக்கும் ஒரு விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

நடுவில் என் வயிற்றெரிச்சல் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு பொருட்காட்சியில் சோலார் லாந்தர் வாங்கினேன். முதல் கோடையில் ஜம்மென்று எரிந்தது. ஐப்பசி அடைமழையில் அரைமணி நேரம் எரிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. வாங்கின இடத்தில் கேட்டால் இதற்கெல்லாம் பேட்டரி தனியாக வராது சார், புதுசு ஒன்று எடுத்துக்கோங்க என்றார் கல்லாவில் இருந்தவர். பலகைக்கு 25 வருஷ ஆயுள். பழைய ஈய அமில பேட்டரிக்கு மூன்று முதல் ஐந்து வருஷம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் உலகத்தின் பாதி சோலார் திட்டங்கள் விழுந்து கிடக்கின்றன என்பது என் கட்சி. ஊருக்குள் ஒரு ரிப்பேர்க்காரர் இருந்தால் விளக்கு எரியும், இல்லாவிட்டால் பலகையில் வற்றல் காயும்.

அந்த ரிப்பேர்க்காரர் யாராக இருக்க வேண்டும்? இருபது வயதுப் பையன் என்றுதானே சொல்வீர்கள்! ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972-ல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி சொல்கிறது: பாட்டியாக இருக்க வேண்டும்! காரணம் கேட்டால் சிரிப்பு வரும், பிறகு சிரிப்பு நின்றுவிடும். பையனுக்குப் பயிற்சி கொடுத்தால் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பட்டணத்துக்குப் போய்விடுவான். பாட்டி எங்கே போவாள்? பேரப்பிள்ளையும் ஆடும் அவளை ஊரிலேயே பிடித்து வைத்திருக்கும்.

ஆப்பிரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும், தங்கள் ஊர் எல்லையைக்கூடத் தாண்டாத பெண்கள் விமானம் ஏறித் திலோனியாவுக்கு வருகிறார்கள். 2008 முதல் இந்திய அரசே செலவை ஏற்கிறது. ஆறு மாதம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் மொழி அடுத்தவருக்குத் தெரியாது, சொல்லித் தருகிற ராஜஸ்தானிப் பெண்களுக்கோ இவர்கள் யார் மொழியும் தெரியாது! எப்படி நடக்கிறது வகுப்பு? கையால், கண்ணால், நிறத்தால். சிவப்பு வயர் இங்கே, கறுப்பு வயர் அங்கே. மின்தடையத்தின் மேலிருக்கும் வண்ணக் கோடுகளை நாம் பொறியியல் கல்லூரியில் மனப்பாடம் செய்கிறோம், அவர்கள் பாசிமணி கோர்ப்பதைப் போலப் பார்த்துப் பழகுகிறார்கள். சால்டரிங் இரும்பைப் பிடித்து, சார்ஜ் கன்ட்ரோலர் பலகையில் ஒவ்வொரு புள்ளியாக ஈயம் வைக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் வீடு வீடாகக் கூரையேறிப் பலகை மாட்டுகிறாள் பாட்டி. மாதாமாதம் ஊர் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. சோலார் மாமா என்று உலகம் கூப்பிடுகிறது. நம் ஊர் மாமா இல்லை, அங்கெல்லாம் அம்மாவுக்கு அந்தப் பெயர்! ஜோர்டானிலிருந்து போன ரஃபியா என்ற பெதுவின் இனப் பெண்ணைப் பற்றி 2012-ல் ஒரு ஆவணப்படமே வந்தது.

திலோனியாவில் ராத்திரிப் பள்ளிக்கூடமும் உண்டு. பகலெல்லாம் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் பொழுது சாய்ந்த பிறகு சோலார் விளக்கடியில் வந்து உட்காருவார்கள். பள்ளிக்கூடத்தைக் கண்காணிக்க அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் பாராளுமன்றம் வேறு!

அதே ராஜஸ்தானின் துங்கர்பூரில் பழங்குடிப் பெண்கள் சோலார் பலகை தயாரிக்கும் கம்பெனிக்கே முதலாளிகள். மும்பை ஐஐடியின் சேதன் சிங் சோலங்கி தொடங்கிய படிப்பு விளக்குத் திட்டத்திலிருந்து கிளைத்தது அது. அந்தத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளை கொடுத்தது 120 ரூபாய். விளக்கின் பாகங்களை உள்ளூர்ப் பெண்களே மாட்டிக் கொடுத்தார்கள்.

சூட்கேஸுக்குள் சூரியன் தெரியுமா? கலிபோர்னியாவில் பிரசவ மருத்துவராக இருந்த லாரா ஸ்டாச்செல், முதுகுவலியால் அந்த வேலையை விட்டுவிட்டுப் பொதுச் சுகாதாரம் படிக்கப் போனார். 2008-ல் நைஜீரியாவின் வடக்கே ஒரு மருத்துவமனைக்குப் போனால், ராத்திரி அறுவை சிகிச்சையின் நடுவே கரண்ட் போகிறது. தாய்மார்கள் இருட்டில் செத்துப் போகிறார்கள். கலிபோர்னியாவில் சோலார் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் அவருடைய கணவர் ஹால் ஆரன்சன். ஒரு பெட்டிக்குள் விளக்கு, பேட்டரி, கன்ட்ரோலர் எல்லாவற்றையும் அடக்கினார். மஞ்சள் நிற சோலார் சூட்கேஸாக அது பிறகு நாடு நாடாகப் போனது. பெட்டியைத் திறந்தால் பிரசவ அறை தயார்!

பேட்டரியும் வேண்டாம், பலகையும் வேண்டாம், வெறும் தண்ணீரில் விளக்கு? பிரேசிலில் உபெராபா என்ற ஊரின் மெக்கானிக் ஆல்ஃப்ரெடோ மோசர், 2002-ல் கரண்ட் இல்லாமல் தவித்த நாட்களில் கண்டுபிடித்தார். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில், நிறையத் தண்ணீர், பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி பிளீச். தகரக் கூரையில் ஓட்டை போட்டு, பாதி வெளியே பாதி உள்ளே இருக்கும்படி செருகிவிட்டால், வெயில் தண்ணீருக்குள் வளைந்து அறை முழுக்கத் தெறிக்கும். 40 முதல் 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம்! பிலிப்பைன்ஸில் இல்லாக் டியாஸ் 2011 முதல் இதை ஊரூராகப் பரப்பினார். ராத்திரியில் எரியாதே என்கிறீர்களா? பாட்டிலுக்குள் எல்இடியும் சின்ன சோலார் துண்டும் சேர்த்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பக்கம் ஒன்றுமே இல்லையா? 2011-ல் தமிழ்நாடு அரசின் பசுமை வீடு திட்டம். 300 சதுர அடி வீடு, கூடவே ஐந்து சோலார் விளக்கு: படுக்கை அறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம். கழிப்பறைக்கும் ஒன்று ஒதுக்கினார்களே, அந்த அதிகாரி வாழ்க! ராத்திரியில் கொல்லைப்பக்கம் போய்வந்த பெண்கள் யாரோ அவர் காதில் சொல்லியிருக்க வேண்டும்.

சென்னை ஐஐடியின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. சூரியப் பலகை தருவது டிசி மின்சாரம். பேட்டரியில் சேர்வதும் டிசி. எல்இடி, செல்போன் கேட்பதும் டிசி. நடுவில் எதற்கு அதை ஏசியாக்கி மறுபடி டிசியாக்கி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு போவது? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற வேலை! வீட்டுக்குள் 48 வோல்ட் டிசி கம்பியையே ஓட்டிவிட்டார்கள். சாதாரண மின்விசிறி 70 வாட்டுக்கு மேல் கேட்கும், டிசி விசிறி 30 வாட்டில் சுற்றும். இங்கே வடிவமைத்தது எங்கே போய் ஓடியது தெரியுமா? ஜோத்பூர், ஜெய்சல்மேர் பாலைவனத்தில், கம்பி போக முடியாத 4,000 வீடுகளில்!

பாலைவனமென்றால் சோலாருக்குக் கொண்டாட்டம்தானே என்று அவசரப்படாதீர்கள். பலகைக்கு வேண்டியது வெளிச்சம், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏற ஏற, விளைச்சலில் சுமார் 0.4 சதவிகிதம் குறையும். அக்னி நட்சத்திரத்தில் நமக்கு மட்டுமில்லை, அதற்கும் தளர்ச்சி!

தோற்ற கதை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். பீகாரில் தர்னை என்ற கிராமம். முப்பது வருஷம் இருட்டு. 2014-ல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சோலார் நிலையம் வைத்து ஊருக்கே வெளிச்சம் கொடுத்தது. பத்திரிகையெல்லாம் படம். முன்னாள் முதலமைச்சர் வந்தபோது ஊர்க்காரர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? நிஜ மின்சாரம் வேண்டும்! பொய் மின்சாரத்தில் பிரிட்ஜ் ஓடாது, டிவிக்குக்கூட யோசிக்க வேண்டும், யூனிட் விலையும் அதிகம். பிறகு கம்பி மின்சாரம் வந்தது, மலிவாக வந்தது. பேட்டரிகள் தீர்ந்தன. சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தவர்கள், சோலார் நிலையத்தில் மாடு கட்டியிருந்ததைப் படமெடுத்து வந்தார்கள். அந்த ஊர்க்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். பட்டணத்தில் ஏசி போட்டுக்கொண்டு படுக்கிற நாம், கிராமத்துக்கு மட்டும் இரண்டு பல்பு போதும் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

கம்பி வந்த ஊர்கள் என்றதும் இன்னொன்று. இந்தியாவில் மின்சாரம் வந்து சேர்ந்த கடைசிக் கிராமம் மணிப்பூரின் லெய்சாங், 2018 ஏப்ரல் 28. அறிவிப்பு வந்த அன்று எல்லோரும் கை தட்டினோம். மின்சாரம் வந்த கிராமம் என்று எழுத, பொது இடங்களோடு ஊரில் பத்து சதவிகித வீடுகளுக்குக் கரண்ட் கிடைத்தால் போதும் என்பது விதி, தெரியுமா? மிச்சம் தொண்ணூறு சதவிகித வீடுகளுக்கும் போக வேறொரு திட்டம் தேவைப்பட்டது. உலகக் கணக்கு இன்னும் பெரிது. 2023-ல் 66 கோடிக்கும் மேலானவர்களுக்கு வீட்டில் ஸ்விட்ச் இல்லை. அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே இருக்கிறார்கள்.

கடைசிக்கு வைத்த அந்தப் படகு விளக்கு! பெயர் 'சூர்ய ஹரிக்கேன்'. சோலார் லாந்தர்தான். ஆனால் அதைச் செய்வது எதை வைத்து தெரியுமா? காலாவதியான மண்ணெண்ணெய் அரிக்கேன் விளக்குகளின் பாகங்களை வைத்தே! படகில் பேட்டரியை நிரப்பிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

இதைப் படித்த அன்றைக்கே பரணில் ஏறிவிட்டேன். அப்பத்தாவின் அரிக்கேன் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி எப்போதோ போய்விட்டது, தூக்குக் கம்பி அப்படியே இருக்கிறது. தம்பி மகன் ஒரு எல்இடியும், தீப்பெட்டி அளவு லித்தியம் பேட்டரியும், உள்ளங்கை அகலத்தில் ஒரு சோலார் துண்டும் வாங்கி வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறான். எண்ணெய்த் தொட்டியின் மூடிதான் துருவேறித் திறக்க மறுக்கிறது. தேங்காயெண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறோம். இன்றோடு மூன்று நாள்.